கம்பியில் வந்த சுருதி

டிரங்க் கால் புக் செய்துவிட்டுக் காத்துக் கிடந்த தலைமுறைக்கு எக்ஸ்சேஞ்ச் தெரியும், ஆபரேட்டர் தெரியும். கேரியர் ரூம் என்று ஒன்று இருந்தது பலருக்குத் தெரியாது. ஊருக்கும் ஊருக்கும் நடுவே போகிற பேச்சையெல்லாம் அடுக்கிக் கட்டி அனுப்புவதும், வந்து சேர்வதைப் பிரித்துக் கொடுப்பதும் அங்கேதான். 1978-ல் திருச்சியில் அப்படி ஓர் அறையில் டெக்னீஷியனாக வேலைக்குச் சேர்ந்தேன். ஆள் உயரத்தைத் தாண்டி நிற்கும் சாம்பல் நிற ராக்குகள், வரிசை வரிசையாக ஜாக்குகள், சோல்டர் புகை, பக்கத்து பேட்டரி ரூமிலிருந்து கசிந்து வரும் அமில நெடி. ஓய்வு பெற்றுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்த அறையின் சத்தங்கள் இன்னும் எனக்கு அத்துப்படி. பணிக்காலத்தின் முன்பாதி அனலாக்கில் போயிற்று, பின்பாதி டிஜிட்டலில். ‘டிஜிட்டல் துல்லியமானது, அனலாக் பழசு’ என்று ஒரே வரியில் இப்போது கதையை முடித்துவிடுகிறார்கள். நடந்தது அதைவிடச் சுவையானது.

மனிதக் குரலில் 300 ஹெர்ட்ஸ் முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரை அனுப்பினால் போதும், பேசுவது யார், என்ன சொல்கிறார் என்பது விளங்கிவிடும். தொலைபேசி உலகம் அந்த அளவோடு நிறுத்திக்கொண்டது. ஒரு பேச்சுக்கு 4 கிலோஹெர்ட்ஸ் இடம். பன்னிரண்டு பேச்சுகளை ஒன்றன்மேல் ஒன்றாக 60 முதல் 108 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றி அடுக்கினால் அது ஒரு குரூப். ஐந்து குரூப் சேர்ந்தால் சூப்பர் குரூப், அதில் 60 பேர் ஒரே நேரத்தில் பேசலாம். மேலே ஏற்றிய பேச்சை மறுமுனையில் பழைய இடத்துக்கு இறக்க வேண்டும். ஏற்றவும் இறக்கவும் உதவுகிற அலைக்குத்தான் கேரியர் என்று பெயர்.

கம்பியில் போகப் போக அலை மெலியும். அதனால் வழியெங்கும் ரிப்பீட்டர் வைத்துத் தூக்கிவிட வேண்டும். கோஆக்சியல் கேபிளில் 960 பேச்சுகள் போகிற ஏற்பாட்டுக்கு ஏறத்தாழ 9 கிலோமீட்டருக்கு ஒரு ரிப்பீட்டர். 2,700 பேச்சுகள் போக வேண்டுமானால் 4.5 கிலோமீட்டருக்கு ஒன்று. சங்கடம் இங்கேதான் தொடங்குகிறது. குரல் எது, இரைச்சல் எது என்று ரிப்பீட்டருக்குத் தெரியாது. வந்ததை வந்தபடியே பெருக்கி அனுப்பும், தன் பங்குக்குக் கொஞ்சம் இரைச்சலையும் சேர்க்கும். அடுத்தது அதையும் சேர்த்துப் பெருக்கும். ஒரே அளவு இரைச்சலைப் பத்து ரிப்பீட்டர் சேர்த்தால் கடைசியில் பத்து மடங்கு இரைச்சல். இதற்கு மருந்தே கிடையாது. பெருக்கும்போது குரல் கோணிப் போவதற்கு மட்டும் ஒரு மருந்து கிடைத்தது. 1927 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பெல் ஆய்வகத்தின் ஹரால்ட் பிளாக், ஹட்சன் ஆற்றைக் கடக்கும் படகில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பெருக்கியின் வெளியீட்டில் ஒரு பகுதியைத் தலைகீழாக உள்ளேயே திருப்பிவிட்டால் கோணல் அடங்கும் என்று அவருக்குப் பளிச்சென்று தோன்றியது. கையில் இருந்த நியூயார்க் டைம்ஸ் தாளிலேயே கணக்கைப் போட்டுக் கையெழுத்திட்டார். நாங்கள் பராமரித்த ஒவ்வொரு ரிப்பீட்டரிலும் அந்தப் படகுக் கணக்கு இருந்தது. இருந்தாலும் சேர்ந்த இரைச்சல் சேர்ந்ததுதான்.

ஆகவே அனலாக்கில் தூரம் காதில் கேட்கும். பக்கத்து ஊர் அழைப்பு பளிச்சென்று வரும், டெல்லி அழைப்பு மணல் கொட்டுவது போன்ற ஓசைக்குப் பின்னால் இருந்து வரும். எங்கள் சீனியர் ஒருவர் ராக்கில் ஹெட்போனைச் செருகி, சில வினாடி கண்ணை மூடிக் கேட்பார். பிறகு மீட்டரைப் பார்ப்பார். “தம்பி, மொதல்ல காதக் குடு, அப்புறமா மீட்டர். மீட்டர் எவ்வளவுன்னுதான் சொல்லும், என்னன்னு சொல்லாது” என்பார். அந்தப் பாடத்தைத்தான் முதல் ஆண்டு முழுக்கப் படித்தேன். தொடர்ந்து கீழ் ஸ்தாயியில் உறுமினால் பக்கத்தில் மின்சார லைன் ஓடுகிறது. படபடவென்று வெடித்தால் எங்கோ இடி. எண்ணெயில் வடை போட்டதுபோல் விடாமல் பொரிந்தால் ஜாயிண்ட்டில் ஈரம். மார்கழி விடியற்காலையில் ஓப்பன் வயர் கம்பங்களின் பீங்கான் கிண்ணிகளில் பனி இறங்கிவிடும். உயர் அலைவெண் சேனல்கள் முதலில் மெலியும், வெயில் ஏறியதும் தாமாகவே தேறும். லைன் கெட்டுப்போவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே டிரங்க் ஆபரேட்டர் அம்மா கூப்பிட்டுச் சொல்லிவிடுவார்: “சார், கும்பகோணம் அஞ்சாவது சேனல் கரகரன்னு இருக்கு, கொஞ்சம் பாருங்க.” ஆள் அனுப்புவோம். பெரும்பாலும் முற்றிலும் கெடுவதற்குள் சரிசெய்துவிடுவோம்.

பேச்சை அனுப்புவது ஒரு வேலை, சங்கீதத்தை அனுப்புவது வேறு வேலை. 1939-ல் தொடங்கிய திருச்சி வானொலி, தியாகராஜ ஆராதனையைத் திருவையாற்றிலிருந்து நேரடியாக அஞ்சல் செய்யும். காவிரிக் கரைப் பந்தலில் இருந்து நிலையம் வரை ஒலியைக் கொண்டுசேர்க்க லைன் கொடுப்பது எங்கள் பொறுப்பு. அதற்கு 3,400 ஹெர்ட்ஸ் போதாது. புரோக்ராம் சர்க்யூட் என்று தனியாக உண்டு. குரூப்பில் மூன்று பேச்சுச் சேனல்களை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் 50 முதல் 10,000 ஹெர்ட்ஸ் வரை ஒரே ஒலிக்கு ஒதுக்குவோம். அந்த மூன்று சேனல்களில் பேச வேண்டியவர்கள் அன்று காத்திருக்க வேண்டியதுதான். அதற்காக யாரும் எங்களைக் கடிந்துகொண்டதில்லை. ஆராதனை என்றால் எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மரியாதை.

வேலையில் சேர்ந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தபோது நடந்தது இது. பஞ்சரத்னம் பாடப்போகும் நாள், விடியற்காலை. தஞ்சாவூரிலிருந்து 50, 100, 800, 5,000, 10,000 ஹெர்ட்ஸ் என்று ஒவ்வொரு டோனாக அனுப்பினார்கள். எல்லாம் சரியான லெவலில் வந்தன. இரைச்சலும் அளவுக்குள் இருந்தது. தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டாயிற்று. பிறகு திருவையாற்றிலிருந்து சோதனைக்காக ஒரு தம்புராவை மைக் முன் மீட்டினார்கள். சீனியர் ஹெட்போனைக் காதில் வைத்தவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். “சுருதி சேரலயே” என்றார். ஊழியர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஆர்டர் வயரில் கேட்டோம். அந்தப் பக்கம் இருந்தவர், “இங்க கணீர்னு சேர்ந்திருக்கு சார், வித்வானே சேர்த்துக் குடுத்தாரு” என்றார். இரண்டு பேரும் சொன்னது உண்மை.

என்ன நடந்திருந்தது என்பதை விளக்கக் கொஞ்சம் கணக்கு வேண்டும். சட்ஜமம் 150 ஹெர்ட்ஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். பஞ்சமம் அதைப்போல் ஒன்றரை மடங்கு, 225. மந்திர சட்ஜமம் பாதி, 75. சுருதி சேர்வது என்பது இந்த விகிதங்கள் பிசகாமல் நிற்பது. கேரியரில் அனுப்பும்போது எல்லா அலைகளையும் ஒரே அளவு மேலே தூக்கி, மறுமுனையில் அதே அளவு இறக்க வேண்டும். தூக்குகிற ஆசிலேட்டர் தஞ்சாவூரில், இறக்குகிற ஆசிலேட்டர் திருச்சியில். 100 கிலோஹெர்ட்ஸில் லட்சத்துக்கு மூன்று பங்கு பிசகினால் போதும், 3 ஹெர்ட்ஸ் வித்தியாசம் வந்துவிடும். அப்போது 75 என்பது 78 ஆகும், 150 என்பது 153, 225 என்பது 228. மந்திர சட்ஜமத்துக்கும் அடுத்த சட்ஜமத்துக்கும் நடுவே இரட்டிப்பு விகிதம் உடைந்துபோகும். அரை ஸ்வரத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிசகு. பேச்சில் யாரும் இதைக் கண்டுபிடிக்க முடியாது, தம்புரா காட்டிக்கொடுத்துவிடும். லெவல் மீட்டருக்கு இது தெரியவே தெரியாது. அது எவ்வளவு என்பதை மட்டுமே அளக்கிற கருவி.

சீனியர் செய்த காரியம் இன்றைக்கும் என் கண்ணில் நிற்கிறது. தஞ்சாவூரில் 1,000 ஹெர்ட்ஸ் டோன் ஒன்றை ஒரே நேரத்தில் இரண்டு வழியாகவும் அனுப்பச் சொன்னார். ஒன்று கேரியர் வழி. மற்றொன்று ஆர்டர் வயரின் வெறும் கம்பி வழி. வெறும் கம்பியில் ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, அதனால் அலைவெண் மாற வழியே இல்லை. இரண்டையும் பேட்ச் கார்டு போட்டு ஒரே ஹெட்போனில் சேர்த்தார். ‘வாங்... வாங்... வாங்...’ என்று வினாடிக்கு மூன்று தடவை ஒலி எழுந்து தாழ்ந்தது. ஹெட்போனின் ஒரு செவியை என்னிடம் நீட்டிவிட்டு, கைப்பிடியில் துணி சுற்றிய சிறிய ஸ்குரூ டிரைவரால் ஆசிலேட்டரின் டிரிம்மரைத் தொட்டார். திருப்பினார் என்று சொல்ல முடியாது, அவ்வளவு சிறிய அசைவு. அலை நீண்டது. வினாடிக்கு இரண்டு, ஒன்று. பிறகு மூச்சு இழுத்து விடுவதைப்போல் வெகு நேரத்துக்கு ஒன்று. கடைசியில் அசையாமல் நின்றது. “இப்ப தம்புராவக் குடுக்கச் சொல்லு” என்றார். நான்கு தந்திகளும் ஒன்றாகச் சேர்ந்து வந்தன. அன்று நாட்டையில் தொடங்கி ஸ்ரீராகம் வரை மானிட்டரில் கேட்டுக்கொண்டே நின்றேன். அலையின் வடிவத்தை அப்படியே காப்பாற்றிக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும் என்பதுதான் அனலாக்கின் நோன்பு. அந்த நோன்பு எவ்வளவு கடினம் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன்.

எண்பதுகளின் நடுவில் பி.சி.எம். பயிற்சிக்குச் சென்னைக்கு அனுப்பினார்கள். குரலை வினாடிக்கு 8,000 தடவை அளந்து, ஒவ்வொரு அளவையும் 256 படிகளில் ஒன்றாக எழுதி, எட்டு பிட்டுகளாக அனுப்புவது. ஒரு குரலுக்கு வினாடிக்கு 64,000 பிட். முப்பது குரலும், வரிசையைக் காட்டவும் சிக்னலிங்குக்குமாக இரண்டு இடமும் சேர்த்து 32. மொத்தம் வினாடிக்கு 20,48,000 பிட். முதல் நாள் வகுப்பில் எங்களில் பலருக்கு இது வீண் வேலையாகப் பட்டது. அனலாக்கில் 240 கிலோஹெர்ட்ஸுக்குள் 60 பேரை அடுக்குகிறோமே, இதில் முப்பது பேருக்கே இவ்வளவு அகலமான பாதை எதற்கு? கேள்வி நியாயமானதுதான். இந்த முறையை 1937-ல் பாரிஸில் இருந்தபடி யோசித்து, அடுத்த ஆண்டு பிரெஞ்சுக் காப்புரிமை வாங்கிய அலெக் ரீவ்ஸுக்கும் அதே தடைதான். வால்வுகளின் காலத்தில் அதைக் கட்டுப்படியாகும் செலவில் செய்ய வழியில்லை. டிரான்சிஸ்டர் வந்த பிறகு, 1962-ல்தான் அமெரிக்காவில் வணிகச் சேவைக்கு வந்தது.

அவ்வளவு அகலத்தைச் செலவு செய்து வாங்குவது என்ன என்பது, இதில் ரிப்பீட்டருக்குப் பதிலாக வரும் ரீஜெனரேட்டரைத் திறந்து பார்த்தபோதுதான் விளங்கியது. அது வந்த அலையைப் பெருக்கி அனுப்புவதில்லை. ஒவ்வொரு நொடித் துணுக்கிலும் ‘இங்கே துடிப்பு உண்டா, இல்லையா’ என்ற ஒரே கேள்வியைக் கேட்கிறது. உண்டு என்றால் தன் கையிலிருந்து புத்தம் புதிய துடிப்பு ஒன்றை அனுப்புகிறது. வந்த துடிப்பு கசங்கி, நனைந்து, இரைச்சலில் தோய்ந்து எப்படி வந்திருந்தாலும் அது அங்கேயே முடிந்தது.

ஏடு பெயர்த்தெழுதியவர்களை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். எழுத்தறியாதவர் ஒருவர் ஓலையைப் பார்த்து வரைந்தால் எழுத்தோடு பூச்சி அரித்த ஓட்டையையும், கறையையும் சேர்த்தே வரைவார். அடுத்தவர் அதையும் வரைந்து தன் கைநடுக்கத்தையும் சேர்ப்பார். அனலாக் ரிப்பீட்டர் அப்படி. எழுத்தறிந்தவர், ‘இது ககரம்’ என்று தெரிந்துகொண்டு தன் கையால் புதிய ககரம் எழுதுவார். கறை அவரோடு நின்றுபோகும். நூறு கை மாறினாலும் ககரம் ககரமாகவே இருக்கும். ஆனால் ஓலையில் புள்ளி வைக்கும் வழக்கம் இல்லை, ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடு தெரியாது. எழுத்தறிந்தவர் தவறாக ஊகித்துவிட்டால் தவறான எழுத்தையே அழகாக, தெளிவாக எழுதி வைப்பார். பின்னால் வருகிறவருக்குச் சந்தேகம் எழக்கூட இடமிருக்காது. டிஜிட்டலின் பெருமை, ஆபத்து இரண்டும் இதற்குள் இருக்கின்றன.

பயிற்சி முடிந்து வந்து இதையெல்லாம் சொன்னபோது, தந்திப் பிரிவில் மோர்ஸ் அடித்தே தலை நரைத்த பெரியவர் ஒருவர் பொறுமையாகக் கேட்டார். “நாங்க அதைத்தானேப்பா பண்ணிட்டிருக்கோம்” என்றார். உண்மைதான். மோர்ஸில் இருப்பது கட்டு, கடா என்று இரண்டே துடிப்பு; நடுவில் இடைவெளி. அவ்வளவுதான். நடுவில் இருக்கும் தந்தி அலுவலகத்தில் ஒருவர் காதால் கேட்டு எழுத்தாக எழுதி, அடுத்த லைனில் தம் கையால் புதிதாக அடிப்பார். மனிதரே ரீஜெனரேட்டர். இந்தியாவில் தந்தி பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டது 1855-ல். தொலைபேசி அதற்கெல்லாம் பிறகு. ஆக மின்சாரச் செய்தியின் முதல் முறையே துடிப்பு எண்ணும் முறைதான். நடுவில் ஒரு நூறாண்டு அலையின் பின்னால் போய்விட்டுத் திரும்பி வந்திருக்கிறோம். 2013 ஜூலையில் தந்திச் சேவை முடிந்தபோது அந்தப் பெரியவர் உயிரோடு இல்லை. அவர் சொன்னதை அன்று எத்தனையோ பேரிடம் சொன்னேன்.

எங்கள் ஊர் எக்ஸ்சேஞ்சுகளுக்கு நடுவே பி.சி.எம். போட்டபோது பழைய கேபிளையே பயன்படுத்தினோம். தூரக் குரல் மெலியாமல் இருக்க அந்தக் கேபிள்களில் 1.83 கிலோமீட்டருக்கு ஒன்றாக லோடிங் காயில் வைத்திருப்பார்கள். 6,000 அடி என்பதன் மெட்ரிக் கணக்கு அது. பேச்சுக்கு உதவும் காயில், துடிப்புக்கு எமன். ஆகவே ஒவ்வொரு குழியாக இறங்கி, காயிலைத் துண்டித்துவிட்டு அதே இடத்தில் ரீஜெனரேட்டரை வைத்தோம். பி.சி.எம். வடிவமைத்தவர்கள் அந்த இடைவெளியை மனத்தில் வைத்தே கணக்குப் போட்டிருந்தார்கள். புதிய முறைக்குப் பழைய குழியே போதும் என்று ஆனது எனக்குப் பெரும் நிறைவைத் தந்தது. இப்படிப் பொருந்திப் போகிறவைதான் நாடு முழுக்கப் பரவுகின்றன.

முதல் முறை அந்த லைனைக் காதில் வைத்தபோது ஒன்றுமே கேட்கவில்லை. மறுமுனையில் ஆள் பேசாத நேரத்தில் முழு அமைதி. சந்தாதாரர்களும் திகைத்தார்கள். பேச்சின் நடுவே மறுமுனை சற்று நிறுத்தினால், “ஹலோ, ஹலோ, லைன்ல இருக்கீங்களா?” என்று பதறினார்கள். இத்தனை காலம் இரைச்சல்தான் லைன் உயிரோடு இருப்பதன் அடையாளமாக இருந்திருக்கிறது. பின்னாளில் செல்பேசி முறைகளை வகுத்தவர்கள் இதை நன்றாக உணர்ந்திருந்தார்கள். ஒருவர் பேசாதபோது எதையும் அனுப்பாமல் பேட்டரியை மிச்சப்படுத்தும் ஏற்பாடு அவற்றில் உண்டு. அந்த இடைவெளியில் கேட்பவரின் போனே மெல்லிய இரைச்சலை உண்டாக்கிக் காதில் ஊற்றும். மனிதர்களின் காதுக்கு மதிப்புக் கொடுத்துச் செய்த வேலை அது. படித்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது.

அந்த அமைதிக்கு ஒரு விலை இருந்தது. ஓர் ஐப்பசி மழையில் காவிரிக்கு அக்கரை எக்ஸ்சேஞ்சுக்குப் போகும் பி.சி.எம். லைன், பிற்பகல் வரை கண்ணாடிபோல் பேசிக்கொண்டிருந்து, சட்டென்று முப்பது குரலையும் ஒரே நேரத்தில் கைவிட்டது. ராக்கில் சிவப்பு விளக்கு. கரகரப்பு இல்லை, மெலிவு இல்லை, எந்த ஆபரேட்டர் அம்மாவும் முன்கூட்டிச் சொல்லவில்லை. குழியைத் திறந்தபோது இடுப்பளவு தண்ணீர். ஜாயிண்ட்டின் ஈயச் சட்டையில் மயிரிழை அளவு வெடிப்பு. உள்ளே காகிதம் சுற்றிய கம்பிகள் ஊறிப்போயிருந்தன. ஜாயிண்ட்டர் ஒவ்வொரு ஜோடியாகத் துடைத்து, உருக்கிய மெழுகை ஊற்றி உலர்த்தியபடி, “இது இன்னிக்கு நனஞ்சது இல்ல சார், ஒரு வாரமா ஊறியிருக்கு” என்றார். ஒரு வாரமாக ரீஜெனரேட்டர் கசங்கிய துடிப்பை நிமிர்த்தி நிமிர்த்தி அனுப்பியிருக்கிறது. பத்து லட்சம் பிட்டுக்கு ஒன்று தவறினால் காதுக்குத் தெரியாது. ஆயிரத்துக்கு ஒன்று தவறினால் லைன் தாங்காது. இரண்டுக்கும் நடுவே உள்ள படிகளில் டிஜிட்டல் வாயைத் திறப்பதில்லை. கேட்டால் சொல்லும், பிழை எண்ணும் கருவியைக் கொண்டுபோய் வைத்தால் ஒழுங்காகக் கணக்குக் கொடுக்கும். அதன்பின் எங்கள் அறையில் தினமும் ஒவ்வொரு லைனின் பிழைக் கணக்கையும் நோட்டில் எழுதும் பழக்கம் வந்தது. காதுக்கு இருந்த வேலை கண்ணுக்கு மாறியது.

இதை வைத்துக்கொண்டு, மெலிந்த சிக்னலை டிஜிட்டல் தாங்காது என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1977-ல் கிளம்பிய வாயேஜர் 1, சூரியக் காற்றின் எல்லையைக் கடந்து வெகுதூரம் போன பிறகும் வினாடிக்கு 160 பிட் வேகத்தில் அறிவியல் தகவல் அனுப்பியது. பிழையைத் திருத்தும் குறியீடுகளைச் சேர்த்து, மெதுவாக, பொறுமையாக அனுப்பினால் இரைச்சலில் புதைந்ததையும் மீட்டுவிடலாம். அந்த வித்தை அனலாக்குக்கு இல்லை. என் வருத்தம் வேறு. பயன்படுத்துகிறவருக்கு இணைப்பு எவ்வளவு நலிந்திருக்கிறது என்று தெரிய வழியில்லாமல் செய்துவிட்டோம். செல்பேசித் திரையில் நான்கு கோடு காட்டிக்கொண்டிருக்கும்போதே பேச்சு அறுந்துபோகிறது. புயல் அடிக்கும் கடலோரங்களில் இது சின்ன விஷயம் இல்லை. நலிவைக் காதுக்குச் சொல்லும் ஏற்பாட்டைச் செய்ய முடியும், செய்ய வேண்டும்.

சுருதி விஷயத்திலும் டிஜிட்டல் ஜெயித்தது, அதுவும் அழகான காரணத்துக்காக. வானொலிக்கான சங்கீதத்தை வினாடிக்கு 32,000 தடவை அளந்து, ஆறு குரல்களின் இடத்தைக் கொடுத்து, 15,000 ஹெர்ட்ஸ் வரை அனுப்பும் முறை வந்தது. அனுப்பும் முனைக் கடிகாரமும் வாங்கும் முனைக் கடிகாரமும் சற்றுப் பிசகினால் என்ன ஆகும்? எல்லா அலைவெண்களும் ஒரே விகிதத்தில் மாறும். கூட்டல் இல்லை, பெருக்கல். 75, 150, 225 மூன்றும் இம்மியளவு ஏறும், ஒன்றுக்கொன்று உள்ள உறவு மாறாது. தம்புரா சேர்ந்தே இருக்கும். அன்று சீனியர் ஸ்குரூ டிரைவரோடு பட்ட பாடு இந்தக் கணக்கிலேயே கரைந்துபோனது. அவரிடம் இதை விளக்கியபோது, தாளை வாங்கித் தானே ஒரு முறை போட்டுப் பார்த்தார்.

ஆப்டிக்கல் ஃபைபர் வந்த பிறகு நடந்ததை விரிக்கத் தேவையில்லை. அகலப் பாதைக்கு இருந்த பஞ்சம் தீர்ந்தது, செப்புக் கம்பி தாங்கிய கம்பங்கள் விழுந்தன, கம்பித் திருட்டும் ஒழிந்தது. கேரியர் ரூமின் ராக்குகள் ஒவ்வொன்றாக வெளியே போய், கடைசியில் அலமாரி அளவுப் பெட்டி ஒன்று நின்றது.

2020-ல் ஊரடங்கின்போது சென்னையில் இருக்கும் என் பேத்திக்குப் பாட்டு வகுப்பு ஆன்லைனில் தொடங்கியது. டீச்சர் தஞ்சாவூரில். நானும் அப்போது சென்னையில் இருந்தேன். டீச்சர் பக்கம் எலக்ட்ரானிக் தம்புரா ஓடிக்கொண்டிருக்கிறது, திரையில் தெரிகிறது. எங்களுக்கோ அது தொடங்கிய ஒரு சில வினாடி கேட்டு, பிறகு மங்கி மறைந்துவிடும். டீச்சர் பாட ஆரம்பித்தால் குரலின் விளிம்பில் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும், நிறுத்தினால் போய்விடும். “தாத்தா, மிஸ் சுருதிய ஆஃப் பண்ணிட்டாங்களா?” என்றாள். இல்லை. பேச்சுக்காக எழுதப்பட்ட அந்த மென்பொருளுக்கு, மாறாமல் ஒரே சீராக ஒலிப்பது எதுவும் மின்விசிறிச் சத்தம், ஏ.சி. சத்தம். இரைச்சல் என்று முடிவு செய்து துடைத்துவிடுகிறது. வந்ததை வந்தபடியே கொண்டுசேர்க்கிற அந்தப் பழைய நோன்பைக் கைவிட்டு, எது தேவை எது தேவையில்லை என்று வழியிலேயே தீர்மானிக்கிற முறை இது. தீர்மானித்தது சங்கீதம் தெரியாத ஒன்று. செட்டிங்ஸில் தேடி, அசல் ஒலியை அனுப்பும் வசதியை டீச்சர் பக்கம் இயக்கச் சொன்னேன். தம்புரா வந்துவிட்டது.

தாமதம் மட்டும் தீரவில்லை. டீச்சரும் பேத்தியும் சேர்ந்து பாடினால் தாளம் தள்ளிப்போகிறது. அதனால் டீச்சர் ஒரு வரி, பிறகு இவள் ஒரு வரி. தஞ்சாவூருக்கும் சென்னைக்கும் நடுவே ஃபைபரில் ஒளி ஓட 2 மில்லிசெகண்ட் போதும். மிச்சமெல்லாம் பெட்டிகளில் காத்திருக்கும் நேரம்: 20 மில்லிசெகண்ட் ஒலியைச் சேர்த்துப் பொட்டலம் கட்ட, எங்கோ இருக்கும் சர்வர் வழியாகச் சுற்ற, முன்பின்னாக வரும் பொட்டலங்களை வரிசைப்படுத்த. அன்றைய கம்பியில் இந்தக் காத்திருப்பு கிடையாது, அதில் சேர்ந்தே பாடியிருக்கலாம். ஸ்டான்ஃபோர்டில் கிறிஸ் சேஃபும் அவருடைய குழுவினரும் செய்த ஜாக்டிரிப் என்ற மென்பொருள், ஒலியைச் சுருக்காமல், பொட்டலத்தைச் சின்னதாக்கி, இந்தக் காத்திருப்பை வெகுவாகக் குறைக்கிறது. ஏறக்குறைய 25 மில்லிசெகண்டுக்குள் இருந்தால் இருவர் லயம் பிசகாமல் சேர்ந்து பாடலாம் என்கிறார்கள். எங்கள் வீட்டிலும் டீச்சர் வீட்டிலும் அதை நிறுவச் சொல்லியிருக்கிறேன். வைஃபை வேண்டாம், ரவுட்டரிலிருந்து கேபிள் இழுத்துக் கம்ப்யூட்டரில் நேரடியாகச் செருகுங்கள் என்று மகனிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டேன்.